பதினைந்து அடி தள்ளி ஒரு வீடு

அந்த அக்காவோட பேரை நான் இங்க எழுதப் போறதில்ல. பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. எந்தப் பேரை எழுதறதுன்னு அதுலயே ஒரு பேஜார் இருக்கு, அதைப் போகப் போகச் சொல்றேன். எங்க தெருவுல எல்லாருக்கும் அது செக்கர் அக்கா. ஆம்பூர்ல ஒரு ஷூ ஃபேக்டரியில செக்கிங் டேபிள்ல வேலை. ஷூவோட மேல்பாகத்தை அப்பர்னு சொல்வாங்க. தைச்சு வர்ற அப்பரை எடுத்து, வெளிச்சத்துல புடிச்சு, தையல் விட்டிருக்கா, தோல் சுருங்கியிருக்கா, ஜோடியில ஒண்ணுக்கொண்ணு கலர் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும். தப்பு இருக்கற இடத்துல சின்னதா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிப்பேருக்குத் திருப்பி அனுப்பணும். முதல்ல நூல் வெட்டற வேலை, அப்புறம் செக்கிங், மொத்தம் முப்பத்தொன்பது வருஷம். எதைப் பார்த்தாலும் அம்பு ஒட்டற இடம்தான் அதுக்கு முதல்ல கண்ணுல படும்.

அப்போ நான் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தேன். ஆன்லைன்ல ஃபாரம் போடறது, பட்டா எடுத்துத் தர்றது, பி.எஃப். பணத்துக்கு அப்ளை பண்றது, இதுதான் பொழப்பு. குடியிருந்தது அக்காவுக்கு அடுத்த வீட்டு மாடியில. தினம் சாயந்திரம் ஃபேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கினதும் என் கடை வாசல்ல நிக்கும். ஒருநாள் நான் புதுசா மாட்டின போர்டை அண்ணாந்து பார்த்துச்சு. ஒரு மூலையில போர்டு அரை இஞ்ச் இறங்கியிருக்குன்னு சொல்லுச்சு. நான் சிரிச்சேன். மறுநாள் கடை திறக்க வந்தா, அந்த மூலையில ஒரு சிவப்பு அம்பு. எட்டாத உயரம் வேற. யாரை ஏத்திவிட்டு ஒட்டுச்சோ தெரியாது. வர்றவன் போறவன் எல்லாம் அது இன்னா அம்புன்னு கேட்டு என் உயிரை எடுத்துட்டான். கடைசியில ஏணி வாங்கிட்டு வந்து போர்டை நானே நிமிர்த்தினேன்.

தெருவுல ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தா அதுல எழுத்துப்பிழைக்கு நேரா ஒரு அம்பு இருக்கும். பத்திரிகையைக் கொடுத்தவங்ககிட்டயே ஒட்டித் திருப்பிக் கொடுக்கும். "இருநூறு அடிச்சிட்டீங்களா? போச்சு போங்க," அவ்ளோதான். கோவப்பட்டவங்க உண்டு. ஆனா அடுத்த தடவ அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அக்காகிட்டதான் கொண்டாந்து காட்டுவாங்க. நான்கூடத்தான். எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும்னு ஒரு கெத்து இருந்துச்சு. அதைக் கெடுத்தது பத்தாவதுகூட முடிக்காத இந்த அக்காதான்.

வீட்டு விஷயத்துக்கு வர்றேன். அக்காவுக்கு இருந்தது ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. வீட்டுக்காரர் போய் ரொம்ப வருஷம் ஆச்சு. பையனுக்குக் கல்யாணம் ஆனதும் ரூமை அவங்களுக்குக் கொடுத்துட்டு அக்கா ஹாலுக்கு வந்துச்சு. அந்த வீட்டுல பாத்ரூமுக்குப் போகணும்னாலும் ஹால் வழிதான், தண்ணி குடிக்கணும்னாலும் ஹால் வழிதான். நாள் முழுக்க நின்ன முட்டியை நீட்டிப் படுத்தா, நாலு தடவையாவது யாராவது தாண்டிப் போவாங்க. மருமக நல்ல பொண்ணு, பையனும் தங்கம். யாரும் ஒரு சொல் சொன்னதில்ல. அக்காவுக்குச் சண்டையே கிடையாது. "எனக்கு ஒரு செவுரு வேணும் தம்பி. சாஞ்சு உக்கார. வேற யாருக்கும் வழியா இல்லாத செவுரு," அப்படின்னு சொல்லும்.

வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் கெடந்துச்சு. துணி காயப்போடற கொடி, ஓட்டை விழுந்த சின்டெக்ஸ் டேங்கு, பழைய கக்கூஸ். அங்க ஒரு ரூம், ஒரு சமையல் மேடை, ஒரு பாத்ரூம் வெச்சுச் சின்னதா ஒரு வீடு கட்டப் போறேன்னு சொன்னப்ப முதல்ல எகிறினது பையன்தான்.

"ஊர் இன்னாம்மா பேசும்? பையன் பெத்தவளைத் தொரத்திட்டான்னு பேசாதா?"

"நீ தொரத்தல. நானே போறேன். பதினஞ்சு அடி தூரம்."

"அப்படியே கட்டினாலும் வாடகைக்கு விடலாமே? ஹாஸ்பிடலுக்கு வர்றவங்க, ஃபேக்டரிக்கு வர்ற வடக்கத்திப் பசங்க, எவ்ளோ பேர் அலையறாங்க?"

"வாடகைக்குத்தான் விடப்போறேன். எனக்கே."

பையன் நேரா என்கிட்ட வந்து புலம்பினான். நான் இன்னா பண்ணட்டும்? அது முடிவு பண்ணிட்டா பண்ணினதுதான்.

கட்டறதுக்குக் காசு புரட்டின விதம் இருக்கே, அது தனி. முதல்ல வாங்கினது வாஷ்பேசின். இடத்துல ஒரு கோடு கூடப் போடல, ஏதோ பழைய லாட்ஜை இடிக்கறாங்கன்னு கேள்விப்பட்டுப் போய் ஒரு வாஷ்பேசினைத் தூக்கிட்டு வந்துடுச்சு. ரெண்டு வருஷம் அது வாசல்ல கெடந்துச்சு, அதுல கொத்தமல்லி வளர்த்துச்சு. தெரு சிரிச்சுது, நானும்தான். அப்புறம் ஃபேக்டரி லைன்ல பத்து பொம்பளைங்க சேர்ந்து போட்ட சீட்டை எடுத்து அஸ்திவாரம் போட்டுச்சு. தீபாவளி போனஸ்ல செங்கல். கழுத்துச் செயினை அடகு வெச்சு, ஜன்னல் மேல போடற லிண்டல் வரைக்கும் ஏத்துச்சு.

மேஸ்திரி நாட்றம்பள்ளி பக்கத்து ஆளு. கோவம் வந்தா தெலுங்குதான் பேசுவாரு. முதல் சனிக்கிழமை கூலி வாங்க நின்னாரு. அக்கா, "இருங்க, செக் பண்ணிட்டுத் தர்றேன்"னு சொல்லிட்டு, ஃபேக்டரி பையிலேருந்து ஸ்டிக்கர் ஷீட்டை எடுத்துக்கிட்டு செவுத்தைச் சுத்திச்சு. கால் மணி நேரத்துல பதினாலு அம்பு. கலவை சரியா ரொம்பாத சந்து, ஒரு கல்லு வெளியே துருத்தினது, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தா விலகின மூலை, ஒண்ணையும் விடல.

மேஸ்திரி செவுத்தைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "இன்னா சார் இது? செவுத்துக்கு அம்மை போட்டா மாதிரி இருக்கு?" அப்புறம் தெலுங்குல ரெண்டு நிமிஷம் பேசினாரு. அது புரியாததே நல்லதுன்னு விட்டுட்டோம். அக்கா முழுக் கூலியையும் கையில வெச்சுது. "காசு இந்தாங்க. அம்பு மட்டும் திங்கக்கிழமை இருக்கக் கூடாது."

அவர் இனிமே வரமாட்டாருன்னு நான் அடிச்சுச் சொன்னேன். திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கே வந்து நின்னாரு. மூணாவது வாரம் அவரே, "இன்னிக்கு எத்தனைம்மா?"ன்னு கேட்க ஆரம்பிச்சுட்டாரு. "ரெண்டு"ன்னு சொன்னா முகம் அப்படியே மலரும்.

லிண்டலோட வேலை நின்னுபோச்சு. கூரைக்கு, அதாவது ரூஃப் காங்கிரீட்டுக்கு, மொத்தமா பணம் வேணும். கம்பி, சிமெண்டு, ஜல்லி, காங்கிரீட்டைத் தாங்கற செண்ட்ரிங் பலகை, எதையும் போனஸ் போனஸா வாங்க முடியாது. பேங்குக்குப் போச்சு. பேங்குல இருந்தவர் நல்லாத்தான் பேசினாரு. ஃபேக்டரி கார்டைப் பார்த்துட்டு, "நாலு மாசத்துல உங்களுக்கு அம்பத்தெட்டு முடியுது, ரிட்டயர்மெண்டு. எதை நம்பிம்மா லோன் தர்றது?"ன்னு கேட்டாரு. அக்கா எழுந்து நேரா என் கடைக்கு வந்துச்சு.

"பி.எஃப். பணம் இருக்குல்ல தம்பி, வீடு கட்ட எடுக்கலாமாமே. அப்ளை பண்ணு."

"சூப்பர்க்கா. ஆதார் கொடு, இடத்தோட பட்டா கொடு, பி.எஃப். நம்பர் கொடு."

கொடுத்துச்சு. கம்ப்யூட்டர்ல போட்டேன். பட்டாவுலயும் ஆதார்லயும் ஒரு பேரு. பி.எஃப்.ல வேற பேரு, வேற பொறந்த தேதி. நான் நம்பரைத் தப்பா அடிச்சிட்டேன்னு நினைச்சு மூணு தடவ அடிச்சேன். அக்கா என் பக்கத்துல நின்னு ஸ்கிரீனையே பார்த்துச்சு. வாழ்க்கையில முதல் தடவையா அது முகத்துல ஒரு வெட்கத்தைப் பார்த்தேன்.

"அது எங்க அக்கா பேரு," அப்படின்னுச்சு.

விஷயம் இதுதான். ஃபேக்டரியில சேர்றப்ப இதுக்குப் பதினஞ்சு வயசு. பதினெட்டு ஆகாம எடுக்கமாட்டாங்க. வீட்டுல அடுப்பு எரியணும். அக்காவோட கூடப்பொறந்தவங்க நாலு வயசு மூத்தவங்க, ஆலங்காயத்துல கட்டிக்கொடுத்து அப்பத்தான் போயிருந்தாங்க. அவங்களோட பள்ளிக்கூட சர்டிபிகேட் பெட்டியில கெடந்துச்சு. அதை எடுத்துட்டுப் போய் அந்தப் பேர்ல சேர்ந்துட்டுது. அந்தக் காலத்துல இங்க இப்படிச் சேர்ந்தவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. சேர்த்துவிட்ட ஆளுக்கும் தெரியும், சூபர்வைசருக்கும் தெரியும். முப்பத்தொன்பது வருஷமா ஃபேக்டரியில அது வேற ஆளு, தெருவுல வேற ஆளு. ஆதாரை இணைக்கணும்னு நோட்டீஸ் ஒட்டி ஆபீஸ்ல கூப்பிடறப்பெல்லாம் ஏதாவது சாக்கு சொல்லித் தள்ளிட்டே வந்திருக்கு. ஊர்ல இருக்கற தப்புக்கெல்லாம் அம்பு ஒட்டின அக்கா, இந்த ஒண்ணை மட்டும் மடிச்சு இடுப்புல சொருகி வெச்சிருந்துச்சு.

நிலத்துல ஒருத்தி, பி.எஃப்.ல ஒருத்தி. ரெண்டு பேரும் ஒரே சேலையைக் கட்டிக்கிட்டு என் கடையில நிக்கறாங்க. நான் இப்ப யாருக்குன்னு அப்ளை பண்றது?

இன்னும் நாலு மாசம் போனா மூத்தவங்களோட வயசுல இதுக்கு ரிட்டயர்மெண்டு கொடுத்து அனுப்பிடுவாங்க. வேலையும் போகும், பணமும் சிக்கிக்கும், பின்னாடி நாலு செவுரு மழையில நனையும். அக்கா மறுபடியும் ஹாலுக்கே. 

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாணியம்பாடி போய் ஆலங்காயம் பஸ் ஏறினோம். ஆலங்காயத்து அம்மா, அதான் அக்காவோட கூடப்பொறந்தவங்க, வாசல்லயே கட்டிப்புடிச்சுக்கிட்டாங்க. விஷயத்தைக் கேட்டதும் கைகொட்டிச் சிரிச்சாங்க.

"அடியே, ஒரு சர்டிபிகேட்டைக் காணோம்னு எங்க மாமியார்கிட்ட எவ்ளோ பேச்சு வாங்கினேன் தெரியுமா? என் பேரைப் போட்டு இப்படித் தேய்ச்சிருக்கியே!"

சோறு போட்டுட்டு அவங்களே வழியும் சொன்னாங்க. "என் ஆதார் இருக்கு, என் பேர்ல பேங்கு புக்கு இருக்கு. பணத்தை அதுலயே வரவெச்சு எடுத்துக்கடி. நயா பைசா தொடமாட்டேன். எங்க கையெழுத்து போடணும்?"

எனக்கு அவ்ளோ சந்தோஷம். ரெண்டு நாள் வேலை, முடிஞ்சுது. ரிட்டயர்மெண்டு பணமா மொத்தமாவே எடுத்துடலாம். பஸ்ல ஏறினதும் ஃபாரத்தை எப்படி எழுதறதுன்னு மளமளன்னு சொல்லிட்டே வந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துட்டு வந்துச்சு. வாணியம்பாடி வந்து இறங்கறப்ப சொல்லுச்சு.

"வேணாம் தம்பி."

"இன்னாக்கா வேணாம்?"

"பணம் வரும், வீடும் வரும். ஆனா பேப்பரைப் பார்த்தா, முப்பத்தொன்பது வருஷம் அந்த டேபிள்ல நின்னது எங்க அக்கா. நான் தும்மினா கூட அப்பர் மேல படக்கூடாதுன்னு திரும்பித் தும்மினேன், அது அவ தும்மினதா ஆயிடும். அவ சம்பாதிச்ச காசுல அவ எனக்குக் கட்டிக் கொடுத்த வீடு. அதுக்கு நான் ஹால்லயே படுத்துட்டுப் போறேன்."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. பஸ் ஸ்டாண்டுல வெச்சே கத்தினேன். உண்மையைச் சொன்னா பொய் சர்டிபிகேட் கொடுத்தேன்னு ஃபேக்டரியில சீட்டைக் கிழிச்சிடுவாங்க, ஒண்ணுமே இல்லாம போயிடும், உனக்கு இன்னா பைத்தியமான்னு கேட்டேன். சுத்தி இருந்தவங்க திரும்பிப் பார்த்தாங்க. அக்கா நிதானமா ஒரு கொய்யாப்பழம் வாங்கி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடிபட்ட பக்கத்தைக் கடைக்காரனுக்குக் காட்டி வேற ஒண்ணு மாத்திக்கிட்டு, எனக்குப் பாதி கொடுத்துச்சு. நான் அதைத் திங்கவும் செஞ்சேன், திட்டவும் செஞ்சேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டு, பேப்பர் தெரிஞ்சவன் ஒருத்தன் கூட வேணும்னு என்னையும் இழுத்துக்கிட்டு ஃபேக்டரி ஆபீஸுக்குப் போச்சு. ஆபீஸ் மேனேஜர் சின்ன வயசு. அக்கா வேலைக்குச் சேர்ந்தப்ப அவர் பொறந்திருக்கவே மாட்டாரு. முழுசும் கேட்டுட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாரு.

"இதை வெளியே சொன்னா முதல்ல உங்க வேலை போகும். தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

"பதினஞ்சு வயசுல எடுத்தோம்னு கையெழுத்து போட்டா கம்பெனிக்கு எவ்ளோ கெட்ட பேரு? பேசாம உங்க அக்கா மூலமாவே எடுத்துக்கோங்க. நான் கண்டுக்கமாட்டேன்."

டேபிள் மேல அக்காவோட பழைய சர்வீஸ் கார்டு இருந்துச்சு. மஞ்சளா, ஓரமெல்லாம் அரிச்சு. ஒட்டியிருந்த போட்டோவுல ரெட்டை ஜடை போட்ட ஒரு சின்னப் பொண்ணு. அக்கா பையைத் திறந்து ஸ்டிக்கர் ஷீட்டை எடுத்துச்சு. ஒரு அம்பை உரிச்சு, அந்தப் பேருக்கு நேரா ஒட்டுச்சு. இன்னொண்ணை உரிச்சுப் பொறந்த தேதிக்கு நேரா ஒட்டுச்சு.  

"சார், நம்ம ஃபேக்டரியில ஒரு பழக்கம் இருக்கு. தப்பை நாமளே பார்த்து அம்பு ஒட்டிட்டா அது ரிப்பேரு. ஒருநாள்ல சரி பண்ணி அனுப்பிடலாம். நாம மறைச்சு, வெளிநாட்டுலேருந்து ஆடிட்டுக்கு வர்றவங்க கண்டுபுடிச்சா அது ரிஜெக்ட்டு. சரக்கு முழு லாட்டும் திரும்பி வரும். அடுத்த ஆடிட் எப்பன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அம்பு ஒட்டியாச்சு. ரிப்பேரா ரிஜெக்ட்டான்னு நீங்க சொல்லுங்க."

மேனேஜர் அந்த கார்டையே பார்த்துட்டு இருந்தாரு. "மேல கேக்கணும்"னு மட்டும் சொன்னாரு.

மூணு வாரம் ஒரு பதிலும் இல்ல. அக்கா தினம் வேலைக்குப் போச்சு, தினம் வந்துச்சு. ஒவ்வொரு நாளும் பஸ்ஸை விட்டு இறங்கறப்ப, இன்னிக்கு நிறுத்திட்டாங்கன்னு சொல்லிடுமோன்னு நான் முகத்தைப் பார்ப்பேன். அது என் போர்டைப் பார்க்கும். கண்ணுல தூக்கமே இல்ல, அது நல்லா தெரிஞ்சுது. நாலாவது வாரம் திங்கக்கிழமை ஒரு கவரைக் கொண்டாந்து என் டேபிள்ல வெச்சுது. பேரையும் தேதியையும் மாத்தச் சொல்லி ஃபேக்டரியும் தொழிலாளியும் சேர்ந்து கொடுக்கற மனு. ஃபேக்டரி சீல், கையெழுத்து, எல்லாம் போட்டு. நான் எழுந்து நின்னுட்டேன். அக்கா, "நாலாவது வரியில ஒரு எழுத்து விட்டிருக்கான்"னு சொல்லுச்சு. அம்பு ஒட்டியே கொண்டாந்திருந்துச்சு!

அப்புறம் வேலூர் பி.எஃப். ஆபீஸ்ல விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. அக்காவும் ஆலங்காயத்து அம்மாவும் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்தாங்க, கல்யாணத்துக்குப் போறா மாதிரி. நான் பையைத் தூக்கிட்டுப் பின்னாடி. அதிகாரி கண்டிப்பானவர், ஆனா பொறுமையா கேட்டாரு. முதல்ல ஆலங்காயத்து அம்மாகிட்ட, நீங்க அந்த ஃபேக்டரியில ஒருநாளாவது வேலை செஞ்சீங்களான்னு.

"எனக்குத் தோல் வாசனையே ஆகாது சார். ஆம்பூர் தாண்டறப்ப பஸ்ல மூக்கைப் புடிச்சுக்குவேன். அதுல ஒத்தை ரூபாய் கூட என்னுது இல்ல. எழுதிக்கோங்க."

எழுதிக்கிட்டாரு. அப்புறம் அக்காகிட்ட திரும்பினாரு. "பள்ளிக்கூட ரெக்கார்டு, ஃபேக்டரி லெட்டர் எல்லாம் சரிம்மா. இருந்தாலும் நான் கேக்கணும். அந்த வேலையைச் செஞ்சது நீங்கதான்னு நான் எப்படி நம்பறது?"

அக்கா குனிஞ்சு டேபிளுக்கு அடியில பார்த்துச்சு. நான் எதையோ கீழ போட்டுட்டுதுன்னு நினைச்சேன்.

"சார், உங்க ரெண்டு ஷூவும் ஒரே தோல்ல வெட்டினது இல்ல. இடது கால்ல தோல் நெருக்கமா இருக்கு, வலது கால்ல தளர்ந்த தோலு, வயித்துப்பக்கம் வெட்டினது. மடிப்பு விழுந்து சுருங்கி இருக்கும் பாருங்க. வலதுதான் சீக்கிரம் போகும்."

அதிகாரி காலை வெளியே நீட்டிப் பார்த்தாரு. பக்கத்து டேபிள்காரங்க எழுந்து வந்து பார்த்தாங்க. வலது ஷூ சுருங்கித்தான் இருந்துச்சு. அவர் ஷூவைக் கழட்டிக் கையிலயே எடுத்துட்டாரு. "ஆறு மாசம்தாம்மா ஆச்சு வாங்கி!" அந்த ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க, அவரும்தான். அக்கா கை பைக்குள்ள போச்சு. ஸ்டிக்கர் எடுக்கப் போகுதுன்னு தெரிஞ்சு நான் பாய்ஞ்சு கையைப் புடிச்சுக்கிட்டேன்.

பேரு மாறுச்சு. தேதி மாறுச்சு. சொந்தத் தேதி வந்ததும் இன்னொண்ணும் கூடவே வந்துச்சு, அதை நாங்க யாரும் யோசிக்கவே இல்ல. அக்காவுக்கு இப்ப அம்பத்துநாலு வயசு. ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம்! மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னப்ப அக்கா, "அப்ப டேபிளை யாருக்கும் கொடுத்துடாதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுச்சாம். வீடு கட்டற அட்வான்ஸ் அது பேர்லயே, அது கணக்குலயே வந்து விழுந்துச்சு. மெசேஜைக் காட்டுச்சு. பேரைத்தான் விரலால தொட்டுக் காட்டுச்சு, பணத்தை இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, மறைக்கல. "இன்னாடா இது, பொம்பளை மாதிரி"ன்னு திட்டிட்டு அதுவும் முந்தானையால துடைச்சுக்குச்சு.

அடுத்த மாசத்துலேருந்து அந்த ஃபேக்டரிப் பொம்பளைங்க ஒவ்வொருத்தரா என் கடைக்கு வர ஆரம்பிச்சாங்க. ஒருத்தி பெரியம்மா பொண்ணு பேர்ல இருந்தா. ஒருத்தி சின்ன வயசுலயே செத்துப்போன அக்கா பேர்ல இருபத்தெட்டு வருஷம் வேலை செஞ்சிருந்தா. "செக்கர் அக்கா அனுப்பிச்சுது"ன்னு சொல்லிட்டு உக்காருவாங்க. மொத்தம் ஆறு பேர். ஆறு பேருக்கும் மனு போட்டேன், யார்கிட்டயும் ஜெராக்ஸுக்குக் கூடக் காசு வாங்கல. வாங்கியிருந்தா அக்கா என் நெத்தியில ஒட்டியிருக்கும்.

காங்கிரீட் போடற அன்னிக்கு மிஷின் சத்தத்துல தெருவே அதிர்ந்துச்சு. மேஸ்திரி தலையில துண்டைக் கட்டிக்கிட்டு மேல நின்னு விரட்டினாரு. மதியம் எல்லாருக்கும் பிரியாணி. வேலை முடிஞ்சு செண்ட்ரிங் பிரிச்ச அன்னிக்கு மேஸ்திரி கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு, அக்கா சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. அரை மணி நேரம். ஸ்டிக்கர் ஷீட்டை அப்படியே மடிச்சுப் பைக்குள்ள வெச்சுது. மேஸ்திரி, "ஒண்ணு கூடவா இல்ல?"ன்னு கேட்டாரு. நம்பவே இல்ல. அவரே மறுபடியும் ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு வந்தாரு.

வாஷ்பேசினைக் கழுவி மாட்டினாங்க. பால் காய்ச்சின அன்னிக்குப் பையன் தலையில வெச்சுப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தான். ஊர் இன்னா பேசுமோன்னு பயந்தவன், வந்தவங்களை எல்லாம் கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு மூலையா காட்டினான். "எங்கம்மா கட்டினது, அவங்க காசு"ன்னு குரலை உசத்தி உசத்திச் சொன்னான். அவன் வீட்டு ஹால்ல அன்னிக்குத்தான் ஒரு சோபா வந்து உக்காந்துச்சு.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா என்னை டீ குடிக்கக் கூப்பிட்டுச்சு. புது சுண்ணாம்பு வாசனை. ஒரு கட்டில், ஒரு ஃபேனு, ஒரு அடுப்பு. அக்கா கீழ உக்காந்து, முட்டியை முழுசா நீட்டி, செவுத்துல முதுகை நல்லா அழுத்திச் சாஞ்சுக்கிச்சு.   அந்த முகத்தைப் பார்த்துட்டே இருந்தா போதும்னு இருந்துச்சு.

அப்போ வெளியே பையனோட குரல். "அம்மா, அந்தச் சீரக டப்பா எங்க?" கேட்டுக்கிட்டே கதவைத் தள்ளினான். உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. மறுபடியும் தள்ளினான்.

"இன்னாம்மா, தாழ்ப்பாள் போட்டிருக்கே?"

"தள்ளாதடா. தட்டு," அப்படின்னுச்சு அக்கா.

 அப்புறம் டொக், டொக்னு ரெண்டு தட்டு.

நான் எழுந்துக்கப் பார்த்தேன். அக்கா கையைக் காட்டி உக்கார வெச்சுது. டீயை ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சு, டம்ளரைக் கீழ வெச்சுது. முந்தானையை இழுத்து விட்டுக்கிச்சு. சிரிப்பு தாங்கல அதுக்கு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, குரலை மட்டும் ரொம்ப கெத்தா வெச்சுக்கிட்டு கேட்டுச்சு:

"யாரது?"